வீட்டில் இசைப்பதிவு: டிராக் எண்ணிக்கையைப் பார்த்து ரெக்கார்டர் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்துகொள்ள விரும்புவோருக்கான மலிவு விலை டிஜிட்டல் ரெக்கார்டர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கணினியின் துணையின்றித் தனித்து இயங்கும் கருவியைத் தேடுவோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை உணர்ந்து, அந்தப் பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் ஒரு கருவியில் எத்தனை டிராக்குகள் (தனித்தனியாக ஒலியைப் பதிந்து பின்னர் கலக்கும் தடங்கள்) உள்ளன, ஒலியை மாற்றிக் காட்டும் எத்தனை எஃபெக்ட்கள் உள்ளன, எத்தனை தாள வடிவங்கள் உள்ளே நிரப்பப்பட்டுள்ளன என்பவற்றையே அக்கட்டுரை தரத்தின் அளவுகோலாக வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்தியிருந்தது. தஞ்சாவூரில் வீணை கற்றுக்கொடுப்பவள் நான். என் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இத்தகைய கருவிகளைத் தேர்ந்தெடுக்க உதவியும் வருகிறேன். இந்த அளவுகோல் நம் வாசகர்களில் பலரைத் தேவையற்ற செலவில் இழுத்துவிடும் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல டிராக் கருவிகள் எந்தத் தேவைக்காகப் பிறந்தவை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டு டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக்குகளைப் பதிய அது வழிசெய்தது. ஒரே ஆள் முதலில் கிதாரை வாசித்துப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் இன்னொரு வாத்தியத்தைச் சேர்த்து, அதன் மேல் பாடி, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து ஒரு முழுப் பாட்டாக்கும் முறைக்கு அது மிகப் பெரிய வரமாக அமைந்தது. பின்னாளில் வந்த டாஸ்காம் டி.பி.-008இ.எக்ஸ், ஸூம் ஆர்8 போன்றவை அதே மரபில் வந்த கருவிகள். அவற்றின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. தாமே மெட்டமைத்து, கீபோர்டும் கிதாரும் தாமே வாசித்துப் பாடல் உருவாக்கும் இளைஞர்களுக்கு அவை மிகப் பொருத்தமானவை. ஆனால் எட்டு டிராக் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தாலும், இவ்விரண்டிலும் ஒரே நேரத்தில் பதியக்கூடியவை இரண்டு டிராக்குகள் மட்டுமே என்ற செய்தி தங்கள் கட்டுரையில் இல்லை. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் தனித்தனி டிராக்குகளில் ஒருங்கே பதிந்துவிடலாம் என்று நம்பி வாங்குபவர், வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இதை அறிந்துகொள்வார்.

நம் இசையில் பெரும்பகுதி ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கப்படுவது. பாடுபவர் ஒரு சங்கதியை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதைப் பார்த்து மிருதங்கக்காரர் தம் சொல்லை, அதாவது தாளக்கோவையை, முடிக்கிறார். ஆலாபனையின் போக்கைக் காதால் பிடித்துக்கொண்டே வயலின் பின்தொடர்கிறது. இவர்களைத் தனித்தனி நாளில், தனித்தனி டிராக்கில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கச் சொன்னால் தாளம் தப்பாமல் வரலாம். ஒருவருக்கொருவர் கேட்டு வாசித்த உயிர் அதில் இருப்பதில்லை. எனவே வீட்டில் கச்சேரியையோ பாடத்தையோ பதிவு செய்ய விரும்பும் ஒருவருக்குத் தேவைப்படுவது நல்ல இரண்டு மைக்குகள் உள்ள, இரைச்சல் குறைந்த ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டர்தான். ஸூம் எச்1என், அதன் வழிவந்த எச்1 எசென்ஷியல், டாஸ்காம் டி.ஆர்-05எக்ஸ், டி.ஆர்-07எக்ஸ் போன்ற கையடக்கக் கருவிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. எட்டு டிராக் கருவிகளோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை பொதுவாகக் குறைவு.

இரைச்சல் என்று நான் குறிப்பிடுவது, தெருவிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ வரும் சத்தத்தை அல்ல. கருவியின் மைக்கும் அதன் ஒலியைப் பெருக்கும் மின்சுற்றும் தாமே எழுப்பும் 'உஸ்' என்ற மெல்லிய ஓசையை. வீணை வாசிப்பவர்களுக்கு இதன் கொடுமை நன்றாகத் தெரியும். தந்தியை மீட்டிய கணத்தில் நாதம் வலுவாக இருக்கிறது; பிறகு அது மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் நேரத்தில்தான் தந்தியை இழுத்துக் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, காட்டுகிறோம். ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களை இழுத்துக் காட்டும்போது கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்தின் ஒலியில் மிகச் சிறு பங்கே இருக்கும். கருவியின் இரைச்சல் அதிகமாக இருந்தால், அந்தக் கடைசி ஸ்வரமும் அதைத் தொடரும் கார்வையும் (நீட்டமும்) அதில் மூழ்கிவிடுகின்றன. பதிவில் மீட்டு மட்டும் கேட்கிறது, இசை கேட்பதில்லை. தம்புராவின் நாதத்துக்கும், மெல்லிய குரலில் பாடும் முதியவர்களுக்கும் இதே நிலைதான்.

வெளி மைக்குகளை இணைக்கும் வசதியுள்ள கருவிகளின் விவரக் குறிப்பில் உள்ளீட்டு இரைச்சல் அளவு என்று ஓர் எண் தரப்பட்டிருக்கும். நடுத்தர விலைக் கருவிகளில் அது பெரும்பாலும் -120 டி.பி.யு. (மின் ஒலிக்குறிப்பின் அளவைக் காட்டும் டெசிபெல் அலகு) அளவில் இருக்கும்; ஸூம் எஃப்3 போன்ற விலை கூடிய கருவிகளில் -127 வரை இறங்கும். எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. இந்த ஏழு டெசிபெல் வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், நேராக மைக்கை வந்தடையும் ஒலி ஏறத்தாழ ஆறு டெசிபெல் கூடுகிறது. கருவியின் இரைச்சலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான்கடி தொலைவில் அலமாரியின் மேல் வைத்திருந்த ரெக்கார்டரை ஒரு சிறிய ஸ்டாண்டில் பொருத்தி, வீணையின் குடத்துக்கு இரண்டடி முன்னால், சற்றே உயரத்தில் வைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இது. ஆகவே கருவியோடு ஒரு ஸ்டாண்டையும் சேர்த்து வாங்குங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. மேலே நான் குறிப்பிட்ட கையடக்கக் கருவிகள் யாவற்றின் அடியிலும் கேமரா ஸ்டாண்டில் பொருத்துவதற்கான திருகுத் துளை உண்டு.

கையில் கைப்பேசி இருக்கும்போது ரெக்கார்டர் எதற்கு என்ற கேள்வியை ஒவ்வொரு பெற்றோரும் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. பாடத்தை நினைவுக்காகப் பதிந்துகொள்ளக் கைப்பேசி போதும். ஆனால் பல கைப்பேசிகள் பேச்சைத் தெளிவாக்கும் நோக்கத்தோடு ஒலியின் அளவைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன. பேச்சு அல்லாத தொடர் ஓசையை இரைச்சல் என்று கருதி அடக்கவும் செய்கின்றன. தம்புரா ஒரு தொடர் ஓசை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிருதங்கத்தின் வலுவான ஒரு சொல் விழுந்தவுடன் பாட்டின் ஒலி அமுங்குவதும், பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளியில் அறையின் சத்தம் மேலெழுவதும் இந்தத் தானியங்கி ஏற்ற இறக்கத்தால்தான். தனி ரெக்கார்டரிலும் இதே வசதி 'ஆட்டோ லெவல்' என்ற பெயரில் உண்டு. அதை அணைத்துவிட்டு, மிக உரத்த இடம் கருவியின் அளவுகாட்டியில் -12 டெசிபெலைத் தாண்டாதவாறு அளவைக் கையால் அமைத்துக்கொள்வது இசைக்கு நல்லது. மின்கடைகளில் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்று விற்கப்படும் மெல்லிய கருவிகளிலும் கவனம் தேவை. அவற்றுள் பல, கூட்டங்களையும் விரிவுரைகளையும் பதிவதற்காகச் செய்யப்பட்டவை; ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்.பி.3 வடிவில் மட்டுமே பதிபவையும் அவற்றில் உண்டு.

அளவைக் கையால் அமைப்பதற்கு அஞ்சுவோருக்கு இப்போது வேறொரு வழி வந்திருக்கிறது. 2024இல் வெளிவந்த எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதிகிறது. இதில் ஒலி அளவை முன்கூட்டியே அமைக்கும் குமிழே கிடையாது. மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு, பிறகு தேவையான அளவுக்கு ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து வாசித்துப் பதியும் ஒருவருக்கு, வாசிப்பின் நடுவே அளவைப் பற்றிய கவலை இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி. ஆயினும் இதைப் பற்றிய விளம்பரங்களில் ஒரு செய்தி மறைந்துபோகிறது. மைக்கின் தாங்குதிறனைத் தாண்டிய ஒலி மைக்கிலேயே சிதைந்துவிடும். அந்தச் சிதைவை எந்த பிட் கணக்கும் திருப்பித் தராது. இத்தகைய சிறு கருவிகளின் மைக்குகள் சுமார் 120 டெசிபெல் வரை தாங்கக்கூடியவை. நாகசுரமும் தவிலும் வாசிக்கும் வீடுகளில், சிறிய அறைக்குள் அருகில் வைத்துப் பதிவதைத் தவிர்த்து, திறந்த முற்றத்திலோ கூடத்தின் மறுகோடியிலோ கருவியை வைப்பதே உரியது.

அந்த எசென்ஷியல் வரிசையைப் பற்றி இன்னொன்றையும் மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். திரையில் தோன்றும் பட்டியல்களைக் குரலில் படித்துச் சொல்லும் வசதி அவற்றில் இருக்கிறது. பார்வையற்ற இசைக்கலைஞர்களும் மாணவர்களும் பிறர் உதவியின்றித் தம் வாசிப்பைத் தாமே பதிந்துகொள்ள இது வழிசெய்கிறது. அந்தக் குரல் தமிழில் இல்லை என்பது வருத்தமே. இருப்பினும், டிராக் எண்ணிக்கைக்கு இத்தனை வரிகள் ஒதுக்கிய கட்டுரையில் இதற்கு ஒரு வரி கிடைத்திருக்கலாம்.

மைக்கின் திசையும் வீட்டின் அமைப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. டி.ஆர்-05எக்ஸ் கருவியின் மைக்குகள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்பவை. எச்1என் கருவியின் மைக்குகளோ முன்பக்க ஒலியை மிகுதியாக ஏற்று, ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில் அமைந்தவை. மரக் கூரையும் புத்தக அலமாரிகளும் துணிகளும் உள்ள பழைய வீட்டுக் கூடத்தில் முதல் வகை மிக இயல்பான ஒலியைத் தரும். வாயருகே வைத்தாலும் குரல் கனத்துப் போவதில்லை. ஆனால் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே கருவி நான்கு சுவர்களின் எதிரொலியையும் வாரி எடுத்துக்கொள்ளும். அங்கே முன்திசை மைக்குகளே ஏற்றவை. டி.ஆர்-07எக்ஸ் கருவியில் முன்திசை மைக்குகளை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பிக்கொள்ளலாம் என்பதால், ஒரு நாள் ஒருவரும் மறுநாள் நால்வரும் பாடும் வீட்டுக்கு அது வசதியானது. எந்தக் கருவியானாலும், மெத்தையும் தலையணையும் துணி நிறைந்த பீரோவும் உள்ள படுக்கையறையே அடுக்குமாடி வீட்டில் பதிவுக்குச் சிறந்த இடம். மின்விசிறியை நிறுத்தி, குளிர்பதனப் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, மின் தம்புராவைக் கருவியின் அருகில் வைக்காமல் பாடுபவருக்குப் பின்னால் குறைந்த ஒலியில் வைத்தால், அதே கருவி தரும் பதிவு அடையாளம் தெரியாத அளவுக்கு மேம்படுகிறது.

பதிவின் வடிவத்தைப் பொறுத்தவரை, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் வடிவத்தில் 24 பிட் (ஒவ்வோர் அளவீட்டின் நுணுக்கம்), 48 கிலோஹெர்ட்ஸ் (ஒரு வினாடியில் 48 ஆயிரம் அளவீடுகள்) என்று வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். ஸ்டீரியோவாக ஒரு மணி நேரப் பதிவு சுமார் 1 ஜி.பி. இடத்தை எடுத்துக்கொள்ளும், 32 ஜி.பி. கார்டு ஒன்றில் ஏறத்தாழ 30 மணி நேரம் பதியலாம் என்பதால் இடத்தைச் சேமிக்க எம்.பி.3க்குப் போக வேண்டிய காரணமே இல்லை. 96 கிலோஹெர்ட்ஸ் என்ற எண் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். வீட்டுப் பதிவில் அதனால் காதுக்குக் கிட்டுவது ஒன்றுமில்லை, கோப்பு மட்டும் இரு மடங்காகும். கார்டை நம்பகமான கடையில் வாங்க வேண்டும். பெரிய கொள்ளளவை மேலே அச்சிட்டு, உண்மையில் அதில் சிறு பங்கே கொள்ளும் போலிக் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. அவை நிரம்பிய பின் வரும் பதிவு அழிந்துபோகும் என்பதால், முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் ஒரு முறை கார்டு முழுவதையும் நிரப்பிச் சோதித்துவிடுவது பாதுகாப்பு. டி.பி.-008இ.எக்ஸ் வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அது டிராக்குகளைத் தனக்கே உரிய பகுதியில் சேமிப்பதால், ஏற்றுமதி செய்த பிறகே அவை கணினியில் வேவ் கோப்புகளாகத் தெரியும்.

மின்சாரம் பற்றி ஒரு சொல். மலிவான சார்ஜரை இணைத்துப் பதியும்போது 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் பதிவுக்குள் நுழைவது உண்டு. அது ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தோடு சேராத ஒரு சுருதியாக அடியில் ஒலித்துக்கொண்டே இருந்து, கேட்பவரை அமைதியிழக்கச் செய்யும். இச்சிறு கருவிகள் இரண்டு பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடுபவை. நல்ல ரீசார்ஜ் பேட்டரிகளை இட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவதே சிறந்தது. மின்தடை வந்தாலும் பதிவு நிற்காது.

சிக்கனத்தை எண்ணிச் சிலர், நான்கு டிராக் கருவி வாங்குவதற்குப் பதிலாக இரண்டு சிறிய ரெக்கார்டர்களை வாங்கி, ஒன்றைப் பாடகர் முன்னும் மற்றொன்றை மிருதங்கத்தின் அருகிலும் வைத்து, பின்னர் கணினியில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். குறுகிய உருப்படிகளுக்கு இது சரிவரும். நீண்ட பதிவில் சரிவராது. ஒவ்வொரு கருவியின் உட்கடிகாரமும் சிறிதளவு வேறுபட்டு ஓடும். பத்து லட்சத்தில் இருபது பங்கு என்ற மிகச் சிறிய வேறுபாடு இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தின் முடிவில் இரு பதிவுகளும் 72 மில்லி வினாடி விலகி நிற்கும். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் அந்த விலகலை யாராலும் பொறுக்க முடியாது. அத்தகைய தேவை உள்ளவர்கள், வெளி மைக்குகளை இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். துளைகள் இரண்டும், அம்மைக்குகளுக்கு வயர் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் கொண்ட டி.ஆர்-40எக்ஸ், எச்4என் புரோ போன்ற நான்கு டிராக் கருவிகளைப் பார்ப்பதே முறை. உள் மைக்குகள் இரண்டும் வெளி மைக்குகள் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. கணினி இல்லாமலே பின்னர் ஒரு குரலை மேலேற்றவும் முடிகிறது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. டி.ஆர்-05எக்ஸ், எச்1என் போன்றவற்றை யூ.எஸ்.பி. வயர் மூலம் கணினியில் இணைத்தால் அவை நல்ல மைக்காகவே பணிபுரியும். இரண்டு செலவு ஒன்றாகிறது என்பதால், குறைந்த வருமானத்தில் வகுப்பு நடத்தும் இசையாசிரியர்களுக்கு இதை நான் குறிப்பாகச் சொல்வதுண்டு.

கடையில் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது. நன்றாக மூடிய ஹெட்போன் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அமைதியான மூலையில் நின்று, யாரும் பேசாத அரை நிமிடத்தைப் பதிந்து, அதை முழு ஒலியில் கேளுங்கள். பிறகு இரண்டடி தொலைவில் மெல்லிய குரலில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பாடிப் பதிந்து, அது அடங்கும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு கருவிகளை இப்படி அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு யாருக்கும் புரியும். பழைய கருவியை வாங்குவோர் இதோடு, ஹெட்போன் துளையை மெல்ல அசைத்துக் கரகரப்பு வருகிறதா என்றும், கார்டைப் பலமுறை செருகி எடுத்தால் ஒவ்வொரு முறையும் கருவி அதை உணர்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். கேட்டுப் பார்க்க இடம் கொடுக்காத கடையில் இசைப்பதிவுக் கருவி வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தங்கள் இணைப்பில் இனி இத்தகைய கருவிகளை அறிமுகப்படுத்தும்போது, ஒரே நேரத்தில் எத்தனை டிராக் பதியும், மைக்கின் திசை என்ன, உள்ளீட்டு இரைச்சல் எவ்வளவு, மைக் தாங்கும் உச்ச ஒலி எவ்வளவு ஆகிய விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். இயலுமானால், ஒரு வீணையையோ மெல்லிய குரலையோ அக்கருவிகளில் பதிந்து, அப்பதிவுகளைத் தங்கள் இணையதளத்தில் வாசகர்கள் கேட்கும்படி வைக்க வேண்டும். அத்தகைய பதிவுக்கு என் வீட்டுக் கூடத்தையும் வீணையையும் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வீணை ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.